சாத்தான் இரண்டு முறை விழுந்த பெட்டி

பெட்டி வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வந்த அன்றே எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன். அதனால் கொஞ்சம் ஆறப் போட்டேன்.

வாங்கியது இதுதான்: வில்லியம் பிளேக் செதுக்கிய, பைபிளில் வரும் யோபு கதைக்கான படங்களின் மறுபதிப்பு. தலைப்புத் தாளோடு சேர்த்து 22 தாள்கள். தைக்காமல், தனித்தனித் தாள்களாக, துணி ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். கூடவே 40 பக்கத்தில் ஒரு கையேடு. விலை 85 பவுண்டு, தபால் செலவு தனி. வெளியிட்டது லண்டனில் ஒரு சிறிய பதிப்பகம். பின்னால் ஒரு புகார் வருகிறது. அதைச் சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள் என்பதால் பெயரைச் சொல்லப்போவதில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் கீழே வரும் நொட்டைகள் எதற்கென்று புரியாது. 31 வருடம் ஆஃப்செட் அச்சகங்களில் வேலை பார்த்தேன். முதலில் கேமரா அறையில் நெகட்டிவ் எடுத்தேன், அப்புறம் ஸ்கேனர், கடைசியில் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் இயந்திரம். அதனால் அச்சடித்த எதைப் பார்த்தாலும் கை தானாக லூப்பை, அதாவது அச்சைப் பெரிதாக்கிப் பார்க்கும் சிறிய கண்ணாடியை, தேடும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் முன்னால்கூட இதைச் செய்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தப் பெட்டியையும் திறந்ததும் முதலில் லூப்பைத்தான் வைத்தேன்.

அதில் என்ன தெரிந்தது என்று சொல்வதற்கு முன், இவை எப்படி உருவான படங்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

பிளேக் 1757இல் லண்டனில் பிறந்தவர். இன்றைக்கு எல்லோரும் அவரைக் கவிஞர் என்கிறார்கள். ஆனால் அவருக்குச் சோறு போட்டது செப்புத் தகட்டில் செதுக்கும் தொழில். 1772இல், 14 வயதில், ஜேம்ஸ் பஸையர் என்ற செதுக்குக் கலைஞரிடம் ஏழு வருடத்துக்குத் தொழில் பழகச் சேர்ந்தார். அன்றிலிருந்து சாகும்வரை அடுத்தவர்கள் வரைந்ததைக் கூலிக்குத் தகட்டில் ஏற்றிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் பிழைப்பு. யோபு கதையை 1805, 1806 வாக்கில் தாமஸ் பட்ஸ் என்பவருக்காக நீர்வண்ணத்தில் வரைந்தார். அப்புறம் அது அப்படியே கிடந்தது. 1821இல் ஜான் லின்னெல் என்ற இளம் ஓவியர் அந்த வண்ணப் படங்களை இரவல் வாங்கி நகலெடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் இதைச் செதுக்கி விற்கலாம் என்ற யோசனை. அடுத்த வருடமே ராயல் அகாடமி என்ற லண்டன் ஓவியர் அமைப்பு பிளேக்குக்கு 25 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது என்றால் வீட்டு நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

1823 மார்ச் 25 அன்று இருவரும் ஒப்பந்தம் எழுதினார்கள். தகட்டுக்கு 5 பவுண்டு, 20 தகட்டுக்கு 100 பவுண்டு, லாபம் வந்தால் அதிலிருந்து இன்னும் 100 வரை. பேசியது 20 தகடு. கிழவர் செதுக்கிக் கொடுத்தது 22. தொழிலாளி புத்தி! லாபம் என்று ஒன்று வரவே இல்லை. லின்னெல்தான் தன் கையிலிருந்து போட்டு மொத்தம் 150 பவுண்டு ஆக்கிக் கொடுத்தார். தகடுகளில் 1825 மார்ச் 8 என்று தேதி இருக்கிறது, ஆனால் விற்பனைக்கு வந்தது 1826இல். அடித்தது மொத்தம் 315 செட். அதுவும் சீக்கிரம் விற்கவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்டில், லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பக்கத்தில் ஃபவுன்டன் கோர்ட்டில் இருந்த இரண்டு அறை வீட்டில், பிளேக் இறந்துபோனார்.

இப்போது லூப்புக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் செப்புத் தகட்டுக்காரர்கள் முதலில் அமிலத்தால் அரிக்க வைத்து உருவத்தைக் கொண்டுவருவார்கள், அப்புறம் உளியால் முடிப்பார்கள். வேலை சீக்கிரம் நடக்கும். பிளேக்கும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கூலிக்கு உழைத்தார். யோபுக்கு மட்டும் அமிலத்தை விட்டுவிட்டு வெறும் செதுக்குளியால் தகட்டை உழுதார். டியூரர் என்ற பழைய ஜெர்மன் செதுக்குக் கலைஞர் காலத்து ஆட்கள் செய்த முறை அது. உளியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினால் செம்பு சுருளாக எழுந்து வரும். கை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மயிரிழையாகி மறையும். ஒரே கோடு மெலிந்து தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். யோபின் தோள், முழங்கால், சாத்தானின் தொடை எல்லாம் அப்படிப்பட்ட கோடுகள். 65 வயதைத் தாண்டியவர், ஓரத்தில் உள்ள எழுத்துகளையெல்லாம் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாகச் செதுக்கி இதை முடித்திருக்கிறார்.

அடிக்கும்போது மை தகட்டின் பள்ளத்தில் நிற்கும். ஈரத் தாளை உருளைக்கடியில் வைத்து அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் அசல் அச்சில் ஒவ்வொரு கோடும் இம்மியளவு மேடாக நிற்கும்.

இதை எப்படி மறுபதிப்பாக அடிப்பது? மோசமான வழி, சாதாரண நான்கு வண்ணப் புத்தகம் மாதிரி அடிப்பது. அப்படி அடித்தால் எல்லாமே புள்ளி ஆகிவிடும். கறுப்புக் கோட்டின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி உடையும். தாளின் பழுப்பு நிறத்தையும் மஞ்சள், சிவப்புப் புள்ளிகளால்தான் காட்டுவார்கள், அந்தப் புள்ளிகள் கோட்டுக்குள் புகுந்து கலங்கலாக்கும். பின்னல் கோடுகளும் ஸ்கிரீனும் (படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் வலை) சண்டை போட்டால் பேட்டர்ன் விழும். பட்டுப்புடவையை டிவியில் காட்டினால் மினுக்கு மினுக்கென்று அலையுமே, அதேதான். என்னிடம் முன்பே இருந்த மலிவான பதிப்பு ஒன்று அப்படிப்பட்டது. போதாக்குறைக்குப் படத்தைச் சுருக்கி அடித்திருந்ததால் ஓரத்து எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி இருந்தன.

இந்தப் பெட்டி அந்த வகை இல்லை. படம் அசல் அளவிலேயே இருக்கிறது. தகட்டுத் தடம் ஏறக்குறைய 21.5க்கு 17 செ.மீ.; அதாவது ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் அளவு, அவ்வளவுதான். பூச்சு இல்லாத, லேசான பழுப்புத் தாள். கறுப்போடு ஒரு வெதுவெதுப்பான சாம்பல் நிறம் சேர்த்து இரண்டு மையில், மிக நுண்ணிய ஸ்கிரீனில் அடித்திருக்கிறார்கள். லூப்பில் பார்த்தால் புள்ளி இருக்கிறதுதான், ஆனால் வெறும் கண்ணுக்குக் கோடு கோடாகவே தெரிகிறது. 22 தாளையும் பார்த்தேன், ரெஜிஸ்டர், அதாவது இரண்டு மையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது, ஒன்றில்கூட நகரவில்லை. அடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

குறை 13ஆம் தாளில் இருக்கிறது. பெருங்காற்றிலிருந்து கர்த்தர் யோபுக்குப் பதில் சொல்லும் படம். கை விரித்த கர்த்தரைச் சுற்றிக் காற்று சுழல வேண்டும். அந்தச் சுழற்சிக் கோடுகளில் இரண்டு இடத்தில் பேட்டர்ன் விழுந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும். ஸ்கிரீன் கோணத்தைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எடுத்திருக்கலாம். ஒரு பிளேட் செலவு, அவ்வளவுதான்.

மேடான கோடு இதில் வராது. ஆஃப்செட்டில் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் மாதிரி ஒரு பள்ளத்தைத் தனியாக அழுத்திக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தகடே இல்லாத அச்சுக்குத் தகட்டுத் தடம் எதற்கு?

அசலைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு முறை. லண்டன் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட, ஓவியப் படிப்பறையில் முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துப் போனேன். கட்டணம் கிடையாது. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். படம் மேசைக்கு வந்ததும் நான் முதலில் நினைத்தது, ‘இவ்வளவு சின்னதா!’ என்றுதான். அதற்கு முன் கம்ப்யூட்டர் திரையில் பெரிதுபடுத்தியே பார்த்துப் பழகியிருந்தேன். அந்தச் செப்புத் தகடுகளே அங்கேதான் இருக்கின்றன, 1919இல் லின்னெல் குடும்பத்திலிருந்து வந்தவை. தகடுகளை நான் பார்க்கவில்லை, கேட்கத் தோன்றவே இல்லை. அச்சகக்காரன் பிளேட்டைக் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன், இன்றுவரை ஆறவில்லை.

சரி, படங்கள்.

யோபு கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஊத்ஸ் தேசத்து நல்ல மனிதன், ஒரே நாளில் மாடு, ஒட்டகம், வேலைக்காரர், பிள்ளைகள் எல்லாம் போய்விடும். அப்புறம் உச்சி முதல் உள்ளங்கால் வரை பருக்கள். மூன்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வந்து, கடைசியில் குற்றம் சாட்டுவார்கள். எங்கள் வீட்டில் துக்கம் நடந்தால் அம்மா எடுத்து வாசிக்கும் பகுதி இது. அம்மா வாசிப்பது எப்போதும் முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும்தான். நடுவில் உள்ள நீண்ட வழக்காடலைத் தொடவே மாட்டார். பிளேக் அப்படியே தலைகீழ். அவர் படங்களில் ஏறக்குறைய பாதி நடுவில் நடப்பவைதான்.

முதல் தாளில் யோபும் மனைவியும் ஒரு மரத்தடியில் மடியில் புத்தகம் வைத்து உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் சுற்றி மண்டியிட்டு ஜெபம் செய்கிறார்கள். வாத்தியங்கள் மரத்தில் தொங்குகின்றன, ஒருவரும் தொடவில்லை. கடைசித் தாளிலும் அதே மரம், அதே குடும்பம். ஆனால் எல்லோரும் எழுந்து நின்று அந்த வாத்தியங்களை வாசிக்கிறார்கள். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. தைத்த புத்தகத்தில் இது முடியாது. தனித்தாள் வாங்கியதற்கு இந்த ஒன்று போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

6ஆம் தாளில் சாத்தான் யோபின் உடம்பின் மேலேயே ஏறி நின்று குப்பியிலிருந்து நோயைக் கொட்டுகிறான். யோபின் தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. காலடியில் மனைவி முகத்தை மூடி அழுகிறாள். கீழே ஓரத்தில் உடைந்த பானையும் முட்செடியும் வெட்டுக்கிளியும். வேதத்தில் இந்த இடத்தில் அவள், “தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்” என்று சொல்லிவிட்டுக் கதையிலிருந்து ஏறக்குறைய காணாமல் போவாள். பிளேக் அவளைப் போகவிடவில்லை. நண்பர்கள் வரும்போதும், திட்டும்போதும், கர்த்தர் காற்றில் வரும்போதும் அவள் யோபு பக்கத்திலேயே மண்டியிட்டிருக்கிறாள். பிளேக்கின் மனைவி கேத்தரின், கணவருக்கு அச்சு அடிப்பதிலும் வண்ணம் போடுவதிலும் கூடவே உழைத்தவர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அம்மாளின் முகத்தை வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

10ஆம் தாளை நான் ‘சொந்தக்காரர் படம்’ என்று வைத்திருக்கிறேன். மூன்று நண்பர்களும் ஒரே பக்கத்திலிருந்து கைகளை யோபை நோக்கி நீட்டுகிறார்கள். ஒரு விரல் போதாதென்று அத்தனை கைகள். 2009இல் நான் சொந்தமாக நடத்திய சிறிய அச்சகத்தை மூடியபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, காப்பி குடித்து, “அப்பவே சொன்னேனே” என்றார்கள். அந்த வாரம் ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். யோபின் நண்பர்களும் முதலில் ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் வேதம் சொல்கிறது. அதோடு எழுந்து போயிருக்கலாம். 8ஆம் தாளில் அவர்கள் தலைகுனிந்து அப்படி இருக்கிறார்கள். 8க்கும் 10க்கும் நடுவே ஒரே ஒரு தாள்!

எனக்கு இவற்றில் மிகக் கொடியது 11. யோபு பாயில் மல்லாந்து கிடக்கிறார். அவருக்கு நேர் மேலே, மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்கு, கடவுள் மிதக்கிறார். கடவுளின் முகம் யோபின் முகம் மாதிரியே இருக்கிறது. உடம்பைச் சுற்றிப் பாம்பு. ஒரு கை பத்துக் கட்டளைகள் எழுதிய பலகைகளைக் காட்டுகிறது. கீழே நெருப்புக்குள்ளிருந்து கைகள் யோபைப் பிடித்து இழுக்கின்றன. அப்புறம்தான் கடவுளின் காலைப் பார்ப்பீர்கள்; பாதம் இல்லை, பிளந்த குளம்பு. மலிவுப் பதிப்பில் பல வருடமாக இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், குளம்பு என் கண்ணில் பட்டதே இல்லை. அங்கே அது ஒரு கறுப்புத் திட்டு. இந்தத் தாளில் முதல் பார்வையிலேயே தெரிந்தது. நோயை விட, பிள்ளைகள் சாவை விட, தான் இதுவரை கும்பிட்டது யாரை என்ற சந்தேகம் ராத்திரியில் வந்து மேலே படுத்துக்கொள்வதுதான் யோபின் உச்சகட்ட வேதனை என்று பிளேக் நினைத்திருக்கிறார். மை ஒரு துளி கூடியிருந்தால் அந்தக் குளம்பு அடைபட்டு, படத்தின் சேதியே போயிருக்கும். 85 பவுண்டில் பாதியை இந்த ஒரு தாளுக்கே கொடுக்கலாம்.

14ஆம் தாள் எல்லோருக்கும் பிடித்தது, “விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஏகமாய்ப்பாடி” என்ற வசனத்துக்கானது. கை தூக்கிய நான்கு தேவதூதர்கள். இரண்டு ஓரத்திலும் உடம்பில்லாத கைகள் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வரிசை நாலோடு முடியவில்லை, இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கிறது என்று அந்தக் கைகள் சொல்கின்றன. அச்சு பிரமாதம். வேறு சொல்ல இல்லை. 15இல் வேதத்தில் வரும் பெரிய மிருகங்களான பிகெமோத்தும் லிவியாதானும், அதுவும் நன்றாக இருக்கிறது.

இனி புகார். 16ஆம் தாள் சாத்தானின் வீழ்ச்சி. எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மறுபடியும் சாத்தானின் வீழ்ச்சி. 17ஐக் காணவில்லை. 17 என்ன படம் தெரியுமா? கர்த்தர் யோபுக்கும் மனைவிக்கும் தரிசனம் தருவது. “என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன்; இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது” என்ற வசனம் வரும் தாள். என் பெட்டியில் சாத்தான் இரண்டு முறை விழுந்தான், கர்த்தர் வரவே இல்லை. அடுக்குகிற இடத்தில் நடந்த தவறு. நானே செய்திருக்கிறேன், ஒரு முறை ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரே பாரத்தை (அச்சிட்டு மடித்த தாள் தொகுதியை) இரண்டு தடவை வைத்துத் தைத்து 300 பிரதி போய்விட்டது. ஆனால் வாங்குகிறவனாக இருக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது. தனித்தாளின் நல்ல குணத்தோடு இந்த ஆபத்தும் வருகிறது. வாங்கினால் அன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.

மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து நாளில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, நான்காவது வாரம் தாள் வந்தது.

எண்ணிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1826இல் அடித்த 315 செட்டில் முதல் 215இல் ஒவ்வொரு படத்தின் கீழ் ஓரத்திலும் ‘புரூஃப்’ (முதலில் அடித்த பிரதி என்ற அடையாளம்) என்ற சொல் இருக்கும். 150 இந்தியாத் தாள் என்ற மெல்லிய தாளில், 65 பிரெஞ்சுத் தாளில். அப்புறம் அந்தச் சொல்லைத் தகட்டிலிருந்து எடுத்துவிட்டு மீதி 100ஐ அடித்தார்கள். 1874இல் அதே தகடுகளிலிருந்து இன்னும் 100 செட் அடித்தார்கள். என் பெட்டியில் 19 தாளில் ‘புரூஃப்’ இருக்கிறது, மூன்றில் இல்லை. அப்படியென்றால் ஒரே செட்டைப் படமெடுக்கவில்லை, வெவ்வேறு செட்களைக் கலந்திருக்கிறார்கள். கலப்பதில் தப்பில்லை, ஒரு செட்டில் கறை இருந்திருக்கலாம். ஆனால் கையேட்டில் ‘ஒரே முழுமையான செட்டிலிருந்து’ என்று போட்டுக்கொள்வது சரியில்லை. இதையும் எழுதினேன். இதற்குப் பதில் வரவில்லை.

கையேடு மொத்தத்தில் சுமார். பிளேக்கின் மற்ற கவிதை நூல்களைப் பற்றி 11 பக்கம், செதுக்கும் முறைக்கு அரைப் பக்கம். ஓரத்து வசனங்கள் வேதத்தில் எந்த அதிகாரத்திலிருந்து வருகின்றன என்ற பட்டியல் மட்டும் உபயோகம். யோபு நூல் தவிர மற்ற இடங்களிலிருந்தும் வசனங்களை எடுத்து அவர் ஓரத்தில் வைத்திருப்பதால், தமிழ் வேதத்தைப் பக்கத்தில் வைத்துத் தேடிப் பார்க்க அந்தப் பட்டியல் வேண்டும்.

படங்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தால் மட்டும் போதும் என்றால், வாங்கத் தேவையே இல்லை. பிளேக்கின் ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, ஒவ்வொரு தாளையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். வரைகிறவர்கள், செதுக்குகிறவர்கள், அச்சுத் தொழிலில் இருக்கிறவர்கள் வாங்கலாம். அசல் அளவில் கையில் பிடித்துப் பார்ப்பது வேறு விஷயம். பரிசாகக் கொடுக்க நினைத்தால் யோசியுங்கள். 6ஐயும் 11ஐயும் பிறந்தநாளுக்குப் பிரித்துப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்?

மாற்றாக வந்த 17ஆம் தாளைக் குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். கனத்த தாள், சுருள் விடவே இல்லை. மேசையில் வைத்தால் இரண்டு பக்கமும் எழுந்து கர்த்தரை மூடிக்கொள்கிறது. மூன்று வாரமாகப் பெரிய அகராதிக்கு அடியில் வைத்திருக்கிறேன், நேற்று எடுத்துப் பார்த்தபோது ஒரு மூலை இன்னும் படியவில்லை. உபரியாகக் கிடைத்த சாத்தானைச் சட்டம் போட்டு வேலை அறையில் மாட்டலாம் என்றேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. 10ஆம் தாளாக இருந்தால் ஹாலிலேயே மாட்டலாமாம், வருகிறவர்கள் பார்க்கட்டுமாம்.